ஏடு மறைத்த வீரம்

வீரத்திற்கு நிறம் உண்டா?

உண்டு என்றனர் ஒரு காலத்தில், பெரியதொரு வல்லரசின் படைத்துறை வல்லுநர்கள். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, ஏட்டில் எழுதினர், எழுதியதற்கு ஆராய்ச்சி என்று பெயரும் சூட்டினர்.

1925ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் தரைப்படைப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. போர் மூண்டால் கறுப்பின மக்களைப் படையில் எவ்வாறு பயன்படுத்துவது என்பது அதன் பொருள். கறுப்பரின் மண்டையோடு சிறியது; வெள்ளையர் மூளையின் எடை 45 அவுன்சு, கறுப்பர் மூளையின் எடையோ 35 அவுன்சுதான்; உடல் துணிவில் அவர்கள் வெள்ளையருக்குப் பிற்பட்டவர்கள்; ஆபத்து சூழ்ந்த வேளையில் அச்சத்தை அடக்கத் தெரியாதவர்கள்; ஆகவே தலைமை தாங்க ஏற்றவர்கள் அல்லர். இப்படிச் சென்றது அந்த "ஆராய்ச்சி"! தராசும் அளவுகோலும் கையில் கிடைத்துவிட்டால், பொய்யும் விஞ்ஞான வேடம் பூணும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இந்த அறிக்கைக்கு மறுப்புரை எழுதப்பட்டது, இருபது ஆண்டுகள் கழித்து. எழுதப்பட்ட இடம், இத்தாலி நாட்டு மலைச்சரிவு. எழுதியவர், இருபத்தைந்து வயது இளைஞர். அதிகாரிகளின் ஏணியில் அடிப்படியில் நின்றவர். லெப்டினண்ட் வெர்னன் பேக்கர் என்பது அவர் பெயர். மறுக்க முடியாத அந்த மறுப்புரை ஒரே பகலில் எழுதி முடிந்தது. ஆனால், அதை எடுத்துப் படித்துப் பார்க்க அமெரிக்க அரசுக்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன!

அந்த ஒரு பகலின் கதையையும், அந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் கதையையும் சேர்த்தே நாம் படித்தல் வேண்டும். முன்னதை மட்டும் படிப்போர், வீரனைக் கண்டு வியப்பர், மறுநாள் மறப்பர். பின்னதையும் படிப்போரே, வரலாறு எவ்விதம் எழுதப்படுகிறது, எவ்விதம் எழுதப்படாமல் விடப்படுகிறது என்பதை அறிவர்.

வெர்னன் பேக்கர் 1919ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், வயோமிங் மாநிலத்துச் செயென் நகரில் பிறந்தார். நான்கு வயதில் தாயும் தந்தையும் மோட்டார் விபத்தில் மாண்டனர். தாத்தாவும் பாட்டியும் எடுத்து வளர்த்தனர். தாத்தா, யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தில் உழைத்தவர். பேரன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தான். படித்தவனுக்குக் கிடைத்த வேலை என்ன? ரயிலில் பயணிகளின் பெட்டி தூக்கும் வேலை! தன்மானம் உள்ள இளைஞனுக்கு அந்த ஏவலும் அதட்டலும் கசந்தன. படையில் சேரலாம் என்று கிளம்பினார்.

ஆண்டு 1941. ஆள்சேர்க்கும் நிலையத்தில் முதல் முறை கிடைத்த விடை, உங்கள் கூட்டத்தாருக்கு இங்கே இடமில்லை என்பது. வேலை கேட்டு வந்தவனுக்கு அல்ல, உயிரைத் தர முன்வந்தவனுக்குக் கிடைத்த விடை இது! இளைஞர் வெகுண்டார், ஆயினும் சில வாரங்கள் சென்று மீண்டும் அதே நிலையத்தின் படியேறினார். இம்முறை வேறோர் அலுவலர் இருந்தார். பண்டகப் பிரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார் பேக்கர். அலுவலர் காலாட்படை என்று எழுதினார். வாதாடினால் இதுவும் போய்விடுமோ என்று பேக்கர் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு சொல், அவருடைய வாழ்வை மாற்றிய சொல்.

பயிற்சிக்காக டெக்சாஸ் மாநிலம் சென்று இறங்கினார். முகாமுக்குச் செல்லும் பேருந்தில் ஏறி முன்வரிசையில் அமர்ந்தார். ஓட்டுநர் இழிசொல் ஒன்றைச் சொல்லி, எழுந்து பின்னால் போ என்றார். இளைஞர் கைமுட்டி இறுகிற்று. அருகிருந்த கறுப்பினப் பெரியவர் ஒருவர் கையைப் பற்றிப் பின்னால் அழைத்துச் சென்றார். இட்லரின் இனவெறியை எதிர்த்துப் போராடப் புறப்பட்ட சிப்பாய்க்கு, சொந்த நாட்டுப் பேருந்தில் கிடைத்த முதல் பாடம், உன் இடம் பின்வரிசை என்பது!

1943ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், அதிகாரிப் பயிற்சி முடித்து இரண்டாம் லெப்டினண்ட் ஆனார். 92ஆம் காலாட்படை டிவிஷனில், 370ஆம் ரெஜிமெண்டில் சேர்க்கப்பட்டார். முழுக்க முழுக்கக் கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட டிவிஷன் அது. ஆனால் தலைமை? மேலிருந்தோர் வெள்ளையர், கீழ்நிலை அதிகாரிகள் மட்டுமே கறுப்பர். கறுப்பரை ஆளத் தெற்கத்தி வெள்ளையருக்கே தெரியும் என்பது அன்றைய படைத்துறையின் நம்பிக்கை. அவ்வண்ணமே ஜெனரல் எட்வர்ட் ஆல்மண்ட் என்ற தென்மாநிலத்தவர் அந்த டிவிஷனுக்குத் தலைவராக்கப்பட்டார்.

பிரித்தனர், பிரித்தனர், எதையெல்லாமோ பிரித்தனர்! உணவுக்கூடம் வேறு, உறங்கும் கொட்டகை வேறு. குருதியையும் பிரித்தனர் என்றால் நம்புவீர்களா? காயமுற்ற வீரருக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் குருதி திரட்டியபோது, தொடக்கத்தில் கறுப்பர் தரும் குருதி வேண்டாம் என்றது. கண்டனம் எழுந்தபின் 1942இல் ஏற்றுக்கொண்டது. ஆனால், தனியே பிரித்துப் பெயரிட்டு வைத்தது. குருதிக்கு இனம் இல்லை என்பது அன்றே விஞ்ஞானிகள் அறிந்த உண்மை. குருதி நீர்மத்தைப் பிரித்துச் சேமிக்கும் முறையில் முன்னோடியாக விளங்கிய மருத்துவர் சார்லஸ் ட்ரூ, தாமே கறுப்பினத்தவர்! அவர் குருதியும் தனிப் புட்டியில்தான் நிற்க வேண்டும்! அந்தப் பாகுபாடு 1950ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது.

மற்றொன்றையும் இங்கே குறித்தாக வேண்டும். பள்ளி ஆசிரியர் என்ற முறையில் நம் நெஞ்சைத் தைப்பது அது. 92ஆம் டிவிஷனின் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர், படைத்துறை நடத்திய தேர்வில் கடைசி இரண்டு தரங்களில் வந்தவர்கள், எழுத்தறிவு குன்றியவர்கள். பார்த்தீர்களா, இவர்கள் மட்டம் இவ்வளவுதான் என்றனர் மேலதிகாரிகள். ஏன் குன்றியது எழுத்தறிவு? தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைக்குத் தனிப் பள்ளி. அந்தப் பள்ளிக்குப் பணமும் குறைவு, நூலும் குறைவு, பருத்தி பறிக்கும் பருவத்திலே நடைபெறும் நாளும் குறைவு. பள்ளிக் கதவைச் சாத்தியவனே, படிப்பில்லாதவன் என்று பழிப்பதும் நடந்தது. கதவைச் சாத்திய கை எது என்று கேட்பாரில்லை.

1944ஆம் ஆண்டு 370ஆம் ரெஜிமெண்ட் இத்தாலியில் இறங்கிற்று. அக்டோபர் மாதம் பேக்கர் கையில் குண்டடிபட்டு மருத்துவமனை சென்றார். குணமானதும் மீண்டும் போர்முனை வந்தார். 1945 பிப்ரவரியில் அந்த டிவிஷன் நடத்திய தாக்குதல் தோல்வியுற்றது. பழி முழுவதும் கறுப்புச் சிப்பாயின் தலையில் விழுந்தது.

இங்கே ஒரு கணக்கு முறையைக் கவனியுங்கள். வெள்ளைச் சிப்பாய் ஒருவன் களத்தை விட்டு ஓடினால், அவன் ஓடினான் என்று எழுதினர். கறுப்புச் சிப்பாய் ஒருவன் ஓடினால், அந்த இனமே ஓடியது என்று எழுதினர். சரி, கறுப்புச் சிப்பாய் ஒருவன் நிலைத்து நின்றால்? அந்த இனமே நின்றது என்று எழுத வேண்டுமல்லவா? இல்லை! அவன் ஒருவன் விதிவிலக்கு என்றனர். அல்லது எதையும் எழுதாமல் விட்டனர். பிழை செய்தால் இனத்தின் கணக்கு, பெருமை செய்தால் யார் கணக்கிலும் இல்லை! இந்தக் கணக்கு முறையை நாம் அறியாதவர்கள் அல்லர். பிறப்பைக் கொண்டு தகுதியை அளக்கும் இடமெங்கும் இதுவே கணக்கு.

இனி, அந்தப் பகலுக்கு வருவோம்.

செருமானியர் இத்தாலியின் குறுக்கே, மேற்குக் கடற்கரை முதல் கிழக்குக் கடற்கரை வரை, மலைமுகடுகளில் அமைத்திருந்த அரண் வரிசைக்குக் கோதிக் வரிசை என்று பெயர். அதன் மேற்கு முனையில், மொந்திஞோசோ என்னும் ஊரருகே, உயர்ந்த குன்றின்மேல் அகினோல்ஃபி என்ற பழங்காலக் கோட்டை இருக்கிறது. கடற்கரைச் சாலை அதன் காலடியில் கிடக்கிறது. கோட்டையில் பீரங்கி இருக்கும்வரை சாலையில் ஒருவரும் நகர முடியாது.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் விடியற்காலை, பேக்கரின் கம்பெனி கோட்டையை நோக்கி ஏறத் தொடங்கியது. ஆயுதப் பிளட்டூனின் தலைவர் பேக்கர். மற்றவர்களை விட விரைந்து ஏறிய அவரும், ஏறத்தாழ இருபத்தைந்து பேரும், இரண்டு மணி நேரத்தில் கோட்டைக்கு 250 கஜத் தொலைவிலிருந்த ஓடைப் பள்ளத்தின் கரையை அடைந்துவிட்டனர். வழியிலே பகைவரின் தொலைபேசிக் கம்பிகளைக் கண்ட இடத்தில் அறுத்துக்கொண்டே சென்றார் பேக்கர்.

இயந்திரத் துப்பாக்கியை எங்கே நிறுத்தலாம் என்று இடம் பார்த்தபோது, குன்றின் விளிம்பில் ஒரு பிளவிலிருந்து உருளை போன்ற இரண்டு பொருள்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். துப்பாக்கிக் குழல் என்று எண்ணி, தரையோடு தரையாக ஊர்ந்து சென்றார். பிளவுக்குள் தம் துப்பாக்கியை நுழைத்துச் சுட்டார். அது பகைவரின் கண்காணிப்பு நிலை. அவர் கண்டவை தொலைநோக்கியின் குழல்கள். உள்ளே இருந்த இருவரும் மாண்டனர். மேலும் சென்றபோது, தழைகளால் மறைத்த இயந்திரத் துப்பாக்கி நிலையொன்று எதிர்ப்பட்டது. அதிலிருந்த இருவரும் காலை உணவு உண்டுகொண்டிருந்தனர். அவர்களையும் சுட்டு வீழ்த்தினார்.

அவ்வேளை கம்பெனித் தலைவரான காப்டன் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் பேசிக்கொண்டிருக்கையில், பள்ளத்திலிருந்து எழுந்த செருமானியச் சிப்பாய் ஒருவன் கையெறி குண்டு ஒன்றை அவர்கள்மேல் வீசினான். குண்டு விழுந்தது, வெடிக்கவில்லை. தப்பியோடிய அவனைப் பேக்கர் சுட்டார். பிறகு, தனியொருவராகப் பள்ளத்தில் இறங்கினார். மறைவான பதுங்கறை ஒன்றின் கதவைக் கையெறி குண்டால் தகர்த்தார். வெளியே வந்தவனைச் சுட்டார். மற்றொரு குண்டை உள்ளே எறிந்துவிட்டுத் தாமும் புகுந்து, மேலும் இருவரை வீழ்த்தினார்.

இதுவரை நாம் கூறியது துணிவு. துணிவுள்ளவர் பலர் உண்டு. இனிக் கூறப்போவதே தலைமை.

பள்ளத்திலிருந்து பேக்கர் மேலே ஏறி வந்தபோது, பகைவரின் மோர்ட்டார் குண்டுகளும் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகளும் மழையெனப் பொழியத் தொடங்கின. பிளட்டூனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். துணைப்படை வரவில்லை.

இவ்விடத்தில் இரண்டு ஏடுகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. படைத்துறையின் விருதுரை, இரண்டு குழுக்களாகப் பின்வாங்குமாறு காப்டன் ஆணையிட்டார் என்கிறது. பேக்கர் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்று நூலோ, துணைப்படை கொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சென்ற காப்டன் திரும்பி வரவேயில்லை என்கிறது. குன்றின்மேல் இருந்தவர்கள் அழிந்துவிட்டனர் என்றே கீழே சொல்லப்பட்டது என்றும் கூறுகிறது. எந்த ஏட்டை எடுத்தாலும் ஒரு செய்தி மட்டும் மாறவில்லை: கடைசிவரை குன்றின்மேல் இருந்தவர் பேக்கர்.

நடக்க முடிந்த காயக்காரர்கள் முதலில் இறங்கட்டும் என்றார். அவர்கள் இறங்கும்போது பகைவரின் சூட்டைத் தம்மேல் இழுத்துக்கொள்ள, ஒதுக்கிடம் எதுவுமில்லாத திறந்த வெளியில் நின்று காவல் சூடு நடத்தினார். நடக்க முடியாதவர்களை எடுத்துச் செல்லத் தாமே பின்தங்கி நின்றார். இரண்டாம் குழு இறங்கியபோது, வழிமறித்த இரண்டு இயந்திரத் துப்பாக்கி நிலைகளை, தம் பிளட்டூன் தோழர் ஒருவர் சுட்டுக்கொண்டே காவல் தர, அருகே ஊர்ந்து சென்று கையெறி குண்டால் அழித்தார். அன்றைய கணக்கு: மூன்று இயந்திரத் துப்பாக்கி நிலைகள், ஒரு கண்காணிப்பு நிலை, ஒரு பதுங்கறை, பகைவரில் ஒன்பது பேர்.

படைத்துறை விருதுரை இந்த எண்ணிக்கையை எழுதிற்று. ஆனால் நாம் போற்றுவது வேறொரு செயலை. மாண்டு கிடந்த தம் தோழர்களின் கழுத்திலிருந்து பெயர்த் தகடுகளைப் பேக்கர் கழற்றிச் சேர்த்துக்கொண்டார். உடல்களைச் சுமக்க ஆளில்லை. பெயர்களையாவது சுமப்போம் என்று எடுத்துக்கொண்டார். இவர்கள் ஓடவில்லை, இதோ பாருங்கள், இங்கே வீழ்ந்தனர் என்பதற்கு அத்தகடுகள் சான்று. கீழே வந்து ரெஜிமெண்டின் தலைமையகத்தில் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிடைத்த முதல் மறுமொழி என்ன? பாராட்டா? ஆறுதலா? தலைக்கவசம் அணியாமல் ஏன் வந்தாய் என்ற கண்டிப்பு!

மறுநாள் இரவு, மற்றொரு பட்டாளத்திற்கு வழிகாட்ட ஆள் தேவைப்பட்டது. அந்தக் குன்றின் பாதையை அறிந்தவர் பேக்கர். தோழர்களின் உடல்கள் கிடந்த அதே பாதையில், கண்ணிவெடிகளுக்கும் பகைவர் சூட்டுக்கும் இடையே, தாமே முன்வந்து வழிகாட்டிச் சென்றார்.

அந்தக் குன்றின் பக்கத்து மலைகளில் அதே நாளில் ஏறிப் போரிட்ட மற்றொரு படையையும் இங்கே நினைத்தல் தகும். ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரின் 442ஆம் ரெஜிமெண்ட் அது. அவர்கள் மலையேறிக்கொண்டிருந்தபோது, அவர்களில் பலருடைய குடும்பங்கள் அமெரிக்காவில் முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்தன! பின்வரிசையில் உட்கார வைத்தவர்களும், முள்வேலிக்குள் அடைத்தவர்களும்தான், அந்தக் கரையில் கோதிக் வரிசையைத் தகர்த்தனர்.

போர் முடிந்தது. பேக்கருக்குக் கிடைத்தது சிறப்புச் சேவைச் சிலுவை. அமெரிக்கப் படையின் இரண்டாம் நிலை விருது. முதல் நிலை விருது, மெடல் ஆஃப் ஆனர் எனப்படும் கௌரவப் பதக்கம். இரண்டாம் உலகப் போரில் நானூறுக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றனர். அந்தப் போரில் பணியாற்றிய கறுப்பினத்தார் பத்து இலட்சத்திற்கும் அதிகம். அவர்களுள் அந்தப் பதக்கம் பெற்றவர் எத்தனை பேர்?

ஒருவரும் இல்லை! பத்து இலட்சத்தில் ஒருவரும் இல்லை!

சுழியம் என்பது வெறும் எண் அன்று. அதுவும் ஒரு வாக்குமூலம். பத்து இலட்சம் பேரில் ஒரு வீரனும் தோன்றவில்லை என்று அறிவுள்ளவன் நம்புவானா? நம்பினர்! ஏனெனில், 1925ஆம் ஆண்டின் அறிக்கை அவர்கள் நெஞ்சில் இருந்தது. தலைமை தாங்கத் தெரியாதவன் என்று முன்பே முடிவு கட்டியவன், அவன் தலைமை தாங்கியதைக் கண்ணால் கண்டாலும் கையால் எழுதுவானா?

அந்தச் சுழியத்துக்குள் மறைந்து கிடந்தோர் யார் யார்? அதே 92ஆம் டிவிஷனில் லெப்டினண்ட் ஜான் ஃபாக்ஸ் இருந்தார். 1944 டிசம்பர் 26ஆம் நாள், சொம்மொகொலோனியா என்ற மலையூரில் ஒரு வீட்டு மாடியிலிருந்து பீரங்கிக்கு இலக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பகைவர் ஊரைச் சூழ்ந்துகொண்டனர். குண்டுகளை இன்னும் அருகே, இன்னும் அருகே என்று அழைத்தவர், கடைசியில் தாம் இருந்த வீட்டின்மீதே வீசச் சொன்னார். தோழரைக் கொல்வதா என்று மறுமுனையில் தயங்கினர். ஃபாக்ஸ் தயங்கவில்லை. பிரான்சு நாட்டில், கிளிம்பாக் என்ற ஊரருகே லெப்டினண்ட் சார்லஸ் தாமஸ், உடலெங்கும் காயத்தோடு, தம் பீரங்கிகளை நிலைநிறுத்தி முடிக்கும்வரை களத்தை விட்டு அகல மறுத்தார். சார்ஜெண்ட் ரூபன் ரிவர்ஸ், தொடை எலும்பு தெரியக் காயம்பட்டும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து, மூன்றாம் நாள் மாண்டார்.

ரிவர்சின் தலைவராக இருந்த காப்டன் டேவிட் வில்லியம்ஸ் வெள்ளையர். தம் சார்ஜெண்டுக்கு உரிய பெருமை கிடைக்கவில்லையே என்று பல பத்தாண்டுகள் ஓயாமல் வாதாடியவர் அவர். ஆகவே, நம் பகை வெள்ளைத் தோலன்று. தோலைக் கொண்டு தகுதி பேசும் தீய எண்ணமே என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அடைத்துக் கிடந்த ஏடு எப்படித் திறந்தது? தானாகவா? காலம் கனிந்தது என்பார்கள் சிலர். காலம் எதையும் கனிவிப்பதில்லை. மனிதர்கள் கேட்டால்தான் கனியும். 1948ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள், படையில் இனப்பிரிவினையை நீக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்டார். அந்த ஆணைக்குப் பின்னும், பழைய ஏட்டின் சுழியம் அப்படியே இருந்தது. உரிமைப் போராட்டங்கள் நாட்டை உலுக்கிய பின்னும் இருந்தது. முதல் உலகப் போரில் 1918இல் மாண்ட கார்ப்பரல் ஃபிரெட்டி ஸ்டோவர்சுக்கு 1991இல்தான் கௌரவப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அவர் பெயரைப் பரிந்துரைத்த தாள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்பாரற்றுக் கிடந்தது!

ஒரு தாள் கிடந்தால், இன்னும் எத்தனை கிடக்கும் என்ற கேள்வி எழுந்தது. 1993ஆம் ஆண்டு, வட கரோலினா மாநிலத்தின் ஷா பல்கலைக்கழகத்திடம் இந்த ஆய்வை ஒப்படைத்தது தரைப்படை. கறுப்பின மக்களின் கல்விக்காக எழுந்த பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. ஆய்வாளர்கள் ஆவணங்களைப் புரட்டினர். உயிரோடு இருந்தோரைத் தேடிப் பிடித்துக் கேட்டனர். பத்துப் பெயர்களைப் படைத்துறையின் முன் வைத்தனர். அவற்றுள் ஏழு ஏற்கப்பட்டன. பதக்கம் வழங்குவதற்கான கால வரம்பு 1952லேயே முடிந்துவிட்டதால், அதைத் தளர்த்த 1996இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது.

கவனியுங்கள் தோழர்களே! புதிய வீரம் எதுவும் செய்யப்படவில்லை. புதிய சாட்சி வானிலிருந்து இறங்கவில்லை. பேக்கர் செய்த செயல்கள் 1945லேயே படைத்துறையின் சொந்த ஏட்டில், சிறப்புச் சேவைச் சிலுவையின் விருதுரையில் எழுதப்பட்டிருந்தன. இருந்த ஏட்டை, இருந்தபடியே, முடிவு கட்டாத கண்ணோடு படித்தனர், அவ்வளவே! நேர்மையாகப் படித்தல் என்ற ஒன்றே அரை நூற்றாண்டு அநீதியை அசைத்தது.

1997ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் ஏழு பேருக்குக் கௌரவப் பதக்கம் வழங்கினார். ஏழு பேரில் ஆறு பேர் உயிரோடு இல்லை. மனைவியரும் மக்களும் உறவினரும் வந்திருந்தனர். தம் பதக்கத்தைத் தாமே பெற நின்றவர் ஒருவரே. எழுபத்தேழு வயது வெர்னன் பேக்கர். குன்றின்மேல் தங்கிவிட்ட தோழர்களுக்கே அவர் நன்றி கூறினார்; உங்களை என்றும் மறவேன் என்றார். ஒரு கதவு திறந்தபின் அடுத்ததும் திறந்தது: 2000ஆம் ஆண்டில், ஆசிய வழிவந்த அமெரிக்கர் இருபத்திரண்டு பேருக்கு அதே பதக்கம் வழங்கப்பட்டது. போர்க்களத்தில் வலக்கையை இழந்து, பின்னர் செனட் உறுப்பினரான டேனியல் இனோய் அவர்களுள் ஒருவர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பேக்கர் என்ன செய்துகொண்டிருந்தார்? கசப்பை வளர்த்துக்கொண்டு ஒடுங்கிவிட்டாரா? இல்லை. 1968 வரை படையில் பணியாற்றினார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செஞ்சிலுவைச் சங்கத்தில், படைக் குடும்பங்களுக்கு உதவும் பணி செய்தார். ஆம், ஒரு காலத்தில் அவர் இனத்தாரின் குருதியைத் தனிப் புட்டியில் வைத்த அதே சங்கத்தில்! பின்னர் ஐடகோ மாநிலத்து மலைப் பள்ளத்தாக்கில் குடியேறி அமைதியாக வாழ்ந்தார். நாங்கள் கோபம் கொண்ட இளைஞர்களாகத்தான் இருந்தோம், ஆனால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது, முடித்தோம் என்ற பொருளில் அவர் பேசியதுண்டு. 2010ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் போரைப் புகழ இதை எழுதவில்லை. காலை உணவோடு மாண்ட அந்த இரண்டு செருமானியச் சிப்பாய்களும் தாய் பெற்ற மக்களே. இனவெறியை அரியணை ஏற்றிய ஆட்சி ஒன்று அவர்களை அந்தக் குன்றின்மேல் கொண்டுவந்து நிறுத்தியது. அதனை எதிர்க்க வந்த நாடும் தன் வீட்டில் அதே நோயைச் சிறிய அளவில் வளர்த்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே நின்றவர் பேக்கர். எதிரே இருந்த நோயோடு துப்பாக்கியால் போரிட்டார், பின்னே இருந்த நோயைத் தம் வாழ்வால் பொய்யாக்கினார்.

சிலர் கூறுவர்: பார்த்தீர்களா, திறமை இருந்தால் என்றேனும் வெளிவரும்; ஆகவே பொறுத்திருங்கள் என்று. இதைவிட நயமான ஏமாற்று வேறில்லை. திறமை 1945இல் வெளிவந்துவிட்டது. நீதிதான் 1997 வரை வரவில்லை! ஜான் ஃபாக்ஸ் பொறுத்திருந்தார், எங்கே? கல்லறையில். சார்லஸ் தாமஸ் 1980இல் மறைந்தார். பதக்கம் பதினேழு ஆண்டுகள் கழித்து வந்தது. பொறுத்திரு என்று ஒடுக்கப்பட்டவனிடம் சொல்பவன், ஏட்டைத் திறக்காதே என்று எழுதுகோல் பிடித்தவனிடமும் சொல்கிறான்.

வேறு சிலர் கேட்பர்: ஒரு பேக்கரைக் காட்டினால் ஓர் இனமே வீர இனம் ஆகிவிடுமா என்று. ஆகாது. ஆக வேண்டும் என்று நாம் கேட்கவும் இல்லை. வீர இனம், கோழை இனம், ஆளும் இனம், அடங்கும் இனம் என்ற பேச்சே பொய் என்பதுதான் நம் வாதம். எந்தக் கூட்டத்திலும் துணிந்தவர் உண்டு, அஞ்சுபவர் உண்டு. ஒரே மனிதனிடத்தில் இரண்டும் உண்டு. 35 அவுன்சு மூளையால் முடியாது என்றார்களே, அதை ஒருவர் செய்து காட்டிவிட்டார். அந்தக் கணத்தில் அவர்களின் தராசு உடைந்தது. விதி பொய் என்பதற்கு ஒரு சான்று போதும். அறிவியல் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் அது.

ஆகவே இளைஞர்களே, வரலாற்று நூலைக் கையில் எடுக்கும்போது, அதிலே இருக்கும் பெயர்களைப் படியுங்கள். இல்லாத பெயர்களைப் பற்றியும் கேளுங்கள். எழுதியவன் யார், எழுதும் முன்பே முடிவு கட்டியிருந்தானா, சுழியம் என்று அவன் எழுதிய இடத்தில் எத்தனை பேர் மறைந்து கிடக்கின்றனர் என்று கேளுங்கள். தோழர்களின் பெயர்த் தகடுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினாரே ஓர் இளைஞர், அவர் ஆற்றிய அந்தப் பணி இன்னும் முடியவில்லை. பெயர்களைச் சுமந்து வந்து மேசையின்மேல் வைக்க வேண்டிய பணி, படித்த ஒவ்வொருவர்க்கும் உரியது.